தொட்டியில் சதைப்பற்றுச் செடிகள்: பருவமறிந்து பேணும் முறை

சிறுநீரக மருத்துவப் பிரிவிலிருந்து

நெடுநாள் சிகிச்சையில் இருப்போரும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரும், வீட்டிலிருந்தபடியே மனத்துக்கு இதமாக என்ன செய்யலாம் என்று கேட்பதுண்டு. தோட்டவேலை நல்லதுதான், ஆனால் நாள்தோறும் நீர் சுமக்கவும் மண் கொத்தவும் எல்லோராலும் இயலாது. அத்தகையோர்க்குப் பொருத்தமானவை சதைப்பற்றுச் செடிகள். சிறு தொட்டி போதும், சன்னலோரம் போதும், வீட்டார் அனைவரும் இரண்டு வாரம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும் பெரும்பாலும் இவை உயிரோடு காத்திருக்கும்.

இவை இறப்பது பெரும்பாலும் கவனிப்பாரின்றி அன்று, மிகையான கவனிப்பால். அன்பு மிகுந்து வார்க்கும் நீரே இவற்றின் வேரை அழுகச் செய்கிறது. எப்போது நீர் வார்ப்பது என்பதைவிட எப்போது வார்க்காமல் இருப்பது என்பதே இங்குக் கற்க வேண்டிய பாடம். அதனைப் பருவங்களின் வரிசையில் காண்போம். நோயாளிகள் இச்செடிகளைக் கையாளும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் பின்னர்க் கூறுவோம்.

இச்செடிகள் யாவை?

இலை, தண்டு, வேர் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ நீரைச் சேமித்து வைக்கும் செடிகளைச் சதைப்பற்றுச் செடிகள் என்கிறோம். நர்சரிகளில் ‘சக்குலண்ட்’ என்ற பெயரில் விற்கப்படும் எச்சிவீரியா, ஹவொர்த்தியா, ஜேட் முதலியவை மட்டுமே இவ்வகை என்று எண்ண வேண்டா. நம் முற்றத்துச் சோற்றுக்கற்றாழை, வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி, திருகுகள்ளி, துவையலுக்குப் பறிக்கும் பிரண்டை, நார் எடுக்கப் பயன்பட்ட மருள், இலையோரத்திலேயே குட்டிச்செடி விடும் ரணகள்ளி, வெயிலில் மலரும் பத்துமணிப் பூ ஆகிய யாவும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. புதிதாகத் தொடங்குவோர் சோற்றுக்கற்றாழை, மருள், ஜேட் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவை நம் வெப்பத்தையும் நம் மறதியையும் தாங்கும்.

இரவில் திறக்கும் இலை

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. அவ்வாறு திறக்கும்போது நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. வறண்ட நிலத்துச் செடிகளுக்கு அந்த இழப்பு தாங்காது. ஆகவே சதைப்பற்றுச் செடிகளுள் பல, பகல் வெப்பத்தில் துளைகளை மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறக்கின்றன. இரவில் பெற்ற கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கின்றன. மறுநாள் கதிரொளியில், துளைகளைத் திறவாமலே, அதிலிருந்து உணவு சமைக்கின்றன.

இவ்வுண்மையின் ஒரு முனை நம் மண்ணில் கண்டறியப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர்ச் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக விளங்கிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கவனித்தார். அவரது கடிதம் 1815இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதே அப்புளிப்பு மாற்றத்தின் காரணம். ஹெய்ன் சுவைத்தார் என்பதற்காக நாமும் சுவைத்தல் கூடாது. காரணம் பின்னர் வரும்.

இதிலிருந்து இரு செய்திகள் விளங்கும். முதலாவது, இத்தகைய செடி மிகச் சிக்கனமாக நீரைச் செலவிடுகிறது; எனவே நாம் அடிக்கடி ஊற்றும் நீர் செலவாகாமல் மண்ணிலேயே தேங்குகிறது. இரண்டாவது, படுக்கையறையில் இச்செடியை வைத்தால் இரவில் ஆக்சிஜன் தரும் என்ற பரவலான நம்பிக்கை சரியன்று. இரவில் இவை கரியமில வாயுவை ஏற்கின்றன என்பது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாவது ஒளியில்தான். மூச்சுத்திணறல் உடையோர் செடியை நம்பி மருந்தையோ ஆக்சிஜன் கருவியையோ குறைத்தல் கூடாது.

தொட்டியும் மண்ணும்

அடியில் துளையுள்ள தொட்டியே தேவை. துளையற்ற அழகுக் கிண்ணங்கள் எத்தனை கவர்ச்சியாக இருப்பினும் அவற்றில் நீர் வெளியேற வழியில்லை. சுட்ட மண் தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை வெளிவிடும். ஆதலால் மழை மிகுந்த ஊர்களுக்கு அதுவே சிறந்தது. வேர்த்திரளைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலான தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும்.

மண்கலவையில் பாதிக்குமேல் நீரைப் பிடித்து வைக்காத பொருள் இருக்க வேண்டும். செங்கல் சிறுதுண்டுகள், கழுவிய பருமணல், சிறுகூழாங்கல் ஆகியவை மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு என்ற அளவு நம் கடலோர ஊர்களுக்குப் பொருந்தும். தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பி விற்கப்படும் செடியை வாங்கினால் சில வாரங்களில் மண் மாற்றுக. அது நீரை வெகுநாள் பிடித்து வைக்கும்.

தொட்டியின் அடியில் ஓர் அடுக்குக் கல்லைப் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலர் கருதுகின்றனர். நுண்ணிய மண்ணிலிருந்து பருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலுள்ள மண் முழுதும் நனைந்து நிறைந்த பின்னரே இறங்கும். ஆகவே ஈரப்பகுதி வேருக்கு அருகில் உயர்ந்துவிடுகிறது. கல்லை அடியில் அடுக்குவதைவிட மண்ணோடு கலப்பதே பயன் தரும். துளையின்மேல் மண் சிந்தாதிருக்க ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

நீர் வார்க்கும் முறை

‘வாரம் ஒருமுறை’ என்ற கணக்கு இங்குப் பயன்படாது. மண்ணைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுக்கவும். குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் நீர் வேண்டா. முற்றும் உலர்ந்திருந்தால் காலை நேரத்தில், அடித்துளை வழியே வெளியேறும்வரை நன்றாக ஊற்றவும். பின்னர் அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடவும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது தவறு. அது மேல்மண்ணை மட்டும் நனைத்து, ஆழத்து வேரைப் பட்டினி போடும். ரோஜாப்பூ அடுக்குப் போன்ற இலையமைப்புடைய செடிகளில் நடுக்குருத்தில் நீர் நிற்கலாகாது.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்ததாயின் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தோன்றும். மழைநீர் கிடைத்தால் அதுவே நல்லது; ஆனால் மூடிய கலத்தில் சேமிக்க வேண்டும்.

இலைச் சுருக்கம் கண்டவுடன் நீர் ஊற்றுவது பலரின் வழக்கம். இங்கு ஓர் எச்சரிக்கை. நீர் குறைந்தாலும் இலை சுருங்கும். நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை சுருங்கும். அழுகிய வேர் அருகிலுள்ள நீரை உறிஞ்ச இயலாதது. அறிகுறி ஒன்றே, காரணம் நேர்மாறானது. மருத்துவத்திலும் இத்தகைய நிலை அடிக்கடி நேரும். அங்குப் பரிசோதனையே வழிகாட்டும். செடிக்குச் செய்ய வேண்டிய பரிசோதனை மண்ணைத் தொட்டுப் பார்த்தல். மண் உலர்ந்து இலை சுருங்கியிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்கியோ, கண்ணாடி போல ஒளி ஊடுருவியோ, தொட்டவுடன் உதிர்ந்தோ போனால் அழுகல்.

பருவந்தோறும்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துள்ளது. வடகிழக்குப் பருவமழை பெறும் ஊர்களுக்கு இப்பகுப்பு செடி வளர்ப்பிலும் நன்கு பொருந்துகிறது.

இளவேனில் (சித்திரை, வைகாசி): கத்திரி வெயில் இப்பொழுதில் அடங்கும். பாலைவனச் செடிகளுக்கு வெயில் எவ்வளவாயினும் நல்லது என்று எண்ணுவது பிழை. எச்சிவீரியாவின் தாயகம் மெக்சிகோவின் உயர்நிலங்கள். அங்கு இரவு குளிரும். நம் ஊரின் வெப்பமான இரவுகளில் அது வளர்ச்சியை நிறுத்தி ஓய்வு கொள்ளும். ஓய்விலுள்ள செடிக்கு நீரையும் உரத்தையும் குறைக்க வேண்டும். நண்பகல் வெயிலைப் பாதியளவு தடுக்கும் பசுமை வலையின்கீழ் வைக்கவும். கறுப்பு நெகிழித் தொட்டி வெயிலில் சுட்டு வேரை வேகவைக்கும். அதனை மண் தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம். அடேனியம் மட்டும் இக்காலத்தில் மகிழ்ந்து பூக்கும். அதற்கு வெயிலும் நீரும் தாராளமாகத் தரலாம்.

முதுவேனில் (ஆனி, ஆடி): காற்று மிகும். மண் விரைவில் உலரும். சிறு தொட்டிகள் சாயும். மாடி விளிம்பில் தொட்டி வைத்திருப்போர் கீழே இறக்கிவிடுக. கோயம்புத்தூர், தென்காசி முதலிய மேற்கு மாவட்டங்களில் தென்மேற்குச் சாரல் வரும். அங்குள்ளோர் அடுத்துக் கூறும் மழைக்கால முறையை இப்போதே கைக்கொள்க.

கார் (ஆவணி, புரட்டாசி): மாலை இடிமழை பெய்யும். மழை பெய்த வாரத்தில் வெளியிலுள்ள தொட்டிகளுக்கு நாம் நீர் ஊற்றத் தேவையில்லை. இப்பருவத்தின் முதன்மையான பணி, வரவிருக்கும் பெருமழைக்கு இடம் தேடி வைத்தல். வெளிச்சம் வரும், ஆனால் சாரல் விழாத இடத்தை இப்போதே ஒதுக்குக.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): சதைப்பற்றுச் செடிகள் மிகுதியாக இறப்பது இப்பொழுதில்தான். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. செடிகளைக் கூரையின்கீழ் கொண்டுவருக. மூன்று வாரம் நீர் ஊற்றாவிட்டாலும் அச்சமில்லை. காற்றின் ஈரத்தால் மண் உலர்வதே கடினம். அழுகல் தொடங்கிய செடியைத் தூய கத்தியால், வெட்டுமுகம் கறையின்றித் தெரியும்வரை மேலே மேலே வெட்டுக. நலமான மேற்பகுதியை நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் உலரவிட்டு, உலர்ந்த மண்ணில் நடுக. பல செடிகள் இவ்வாறு பிழைத்துவிடும்.

இப்பருவத்துக்குரிய மற்றோர் எச்சரிக்கை, செடியைவிட வீட்டாருக்கு உரியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே அடித்தட்டுகளை மழைக்காலத்தில் அகற்றிவிடுக. இயலாதெனில் வாரந்தோறும் நீரைக் கொட்டி, தட்டின் சுவரைத் தேய்த்துக் கழுவுக. உலர்ந்த சுவரிலும் இக்கொசுவின் முட்டைகள் பல மாதம் உயிரோடிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

முன்பனி (மார்கழி, தை): வெயில் இதமானது, இரவு குளிர்ந்தது. ஹவொர்த்தியா, எச்சிவீரியா, சோற்றுக்கற்றாழை ஆகியவை நன்கு வளரும் காலம். மண் உலர்ந்தபின் நீர் வார்க்கவும்; பெரும்பாலும் பத்து அல்லது பதினான்கு நாளுக்கு ஒருமுறை தேவைப்படும். அடேனியம் இலை உதிர்த்து உறங்கும். அதற்கு நீரைக் குறைக்கவும். உதகை, கொடைக்கானல் போன்ற உறைபனி விழும் ஊர்களில் செடிகளை இரவில் வீட்டினுள் வைக்கவும்.

பின்பனி (மாசி, பங்குனி): மண் மாற்றவும், பதியம் போடவும், உரமிடவும் ஏற்ற காலம். இரண்டாண்டுக்கு ஒருமுறை மண் மாற்றினால் போதும். மாற்றிய பின் ஒரு வாரம் நீர் ஊற்றாதீர். அறுந்த வேர்முனைகள் அதற்குள் ஆறிவிடும். உதிர்ந்த நல்ல இலையை மூன்று நாள் உலர்த்தி மண்மேல் கிடத்தினால், ஜேட், எச்சிவீரியா ஆகியவற்றில் சில வாரங்களில் புதுச்செடி எழும். இலையிடுக்கில் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி தோன்றினால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கவும். அருகில் விளக்கோ அடுப்போ இருத்தல் கூடாது. வெயிலுக்கு மாற்ற வேண்டிய செடியைச் சிறிது சிறிதாகப் பழக்குக. வெயிலில் வெந்த இலையின் தழும்பு மறையாது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

முள்: நீரிழிவால் கை கால் மரத்துப்போனவர்கள் முள் குத்தியதை உணராமலே இருப்பர், சிறு புண் பெரும்புண்ணாகும். முள்ளில்லாத செடிகளையே வளர்க்கவும். சப்பாத்திக்கள்ளியின் மயிர்போன்ற நுண்முட்கள் கையுறையையும் ஊடுருவும். மண்ணில் இரணஜன்னி நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்ததா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டறிக.

கள்ளிப்பால்: திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவற்றை ஒடித்தால் வெண்பால் வடியும். அது தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடும். பட்டவுடன் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவி, அன்றே கண் மருத்துவரைக் காணவும். தாய்ப்பால், எண்ணெய் முதலிய எதையும் கண்ணில் விடலாகாது.

நச்சுச் செடிகள்: அடேனியத்திலும் ரணகள்ளியிலும் இதயத்துடிப்பைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. டைகாக்சின் மாத்திரை உட்கொள்வோர்க்கு இது மேலும் ஆபத்து. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று கூறி ரணகள்ளி இலையைத் தின்னும் வழக்கம் உண்டு. மருத்துவரைக் கேளாமல் அதனைச் செய்யாதீர். சிறுநீரகம் பழுதுற்றவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

கற்றாழைச் சாறு: சோற்றுக்கற்றாழையின் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் நிறப் பால் கடும் பேதியை உண்டாக்கும்; உடலின் பொட்டாசியத்தையும் நீரையும் வெளியேற்றும். சிறுநீரக நோயாளிகளும், நீர்பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோரும் கற்றாழையைக் கண்டு மகிழ்வதோடு நின்றுகொள்க, குடிக்க வேண்டா.

நோயெதிர்ப்பு குறைந்தோர்: மாற்றுறுப்பு பொருத்தப்பெற்றவர்களும் புற்றுநோய் சிகிச்சை பெறுவோரும் மண்ணைக் கிளறுதல் கூடாது, அதன் தூசியில் பூஞ்சை வித்துகள் உண்டு. மண் மாற்றும் பணியை வீட்டாரிடம் விடுக. நோயாளி அப்போது அந்த அறையில் இருத்தலும் வேண்டா. மருத்துவர் இசைந்த பின்னரும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, மண்ணை முதலில் சற்றே நனைத்து, முடிவில் சோப்பிட்டுக் கை கழுவவும். இத்தகையோரைக் காண வருவோர் தொட்டிச்செடியைப் பரிசாகக் கொண்டுவர வேண்டா.

டயாலிசிஸ் பெறுவோர்: ஃபிஸ்துலா உள்ள கையால் தொட்டியைத் தூக்காதீர். அக்கையில் கீறலும் முள்குத்தும் நேராமல் முழுக்கைச் சட்டை அணிக.

மருத்துவமனையில் தங்க நேரும்போது

உள்நோயாளியாகச் சேரும் நாளில் மண் உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றி, சாரலும் நண்பகல் வெயிலும் படாத வெளிச்சத்தில் செடியை வைக்கவும். ஊற்றிய நாளைத் தாளில் எழுதித் தொட்டியில் செருகுக. பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்தால், ‘நீர் ஊற்ற வேண்டா, மழை பெய்தால் உள்ளே எடுத்து வையுங்கள்’ என்று சொல்லிச் செல்க. பேணுவோர் பலர் நோயாளி பருகும் நீரையும் வெளியேறும் நீரையும் நாள்தோறும் குறித்து வைக்கின்றனர். அதே ஏட்டின் பின்பக்கத்தில் செடிக்கு நீர் வார்த்த நாளுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

இறுதியாக ஒன்று. நோயாளியின் பெயரால் வைத்த செடி வாடினால், அதனை அவர் உடல்நிலையின் அறிகுறியாகக் கொண்டு கலங்குவோரைக் காண்கிறோம். செடி அழுகியது மண்ணில் காற்று புகாததால். அதற்கும் அவர் உடலுக்கும் தொடர்பில்லை. வேறொரு செடியை வேறு மண்ணில் நடுக.

நினைவிற்கொள்க

1. குச்சி உலர்ந்து வந்தால் மட்டும் நீர். வார்த்தால் நன்றாக, தேங்கினால் கொட்டுக.
2. ஐப்பசி, கார்த்திகையில் செடி கூரையின்கீழ் இருக்கட்டும், அடித்தட்டை அகற்றுக.
3. கத்திரி வெயிலில் நிழல் தருக, உரம் தவிர்க்க.
4. மண் மாற்றப் பின்பனிக் காலம் ஏற்றது.
5. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைக் காண்க.
6. தொட்டியிலுள்ள எச்செடியையும் மருந்தென்று உண்ணுமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.